பொறி வைப்பதற்கு முன் மணலைப் படியுங்கள்: பாலைவனத்துச் சிறு பாலூட்டிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

பகலில் பாலைவனத்தில் போய் நிற்கிறவருக்கு, அங்கே பாலூட்டி என்று எதுவும் இருப்பதாகவே தோன்றாது. மணல், முட்புதர், எங்கோ ஒரு பல்லி, அவ்வளவுதான். மறுநாள் சூரியன் கிளம்பும் முன்னால் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். புதருக்குப் புதர் தடம் ஓடியிருக்கும். ஓரிடத்தில் இரண்டு பின்னங்கால்கள் மட்டும் ஜோடி ஜோடியாகப் பதிந்து போயிருக்கும். ஓரிடத்தில் வால் இழுபட்ட மெல்லிய கோடு. இன்னோரிடத்தில் சின்னக் கரண்டியால் கிளறியது போல வரிசையாகக் குழிகள். ராத்திரி அங்கே ஓர் ஊரே நடமாடியிருக்கிறது.

இந்த ஊரைத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பொறி வாங்கலாம்?" என்றுதான். பொறிக்கு அவசரமே இல்லை. மணலைப் படிக்கப் பழகாமல் பொறி வைத்தால் காலியான பொறிகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மோசமானது, பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பொறி வைத்து, வெயிலேறிய பெட்டிக்குள் ஓர் உயிரைச் சாகவிடுவது. ஆகவே இந்தக் கட்டுரையில் பிடிப்பது பின்னால்தான் வரும்.

முதலில், யாரைத் தேடுகிறோம்?

வட அமெரிக்கப் பாலைவனங்களில் கங்காரு எலியும், கன்னத்துக்கு வெளியே பை வைத்திருக்கும் பாக்கெட் எலியும். சகாராவிலிருந்து கோபி வரை, பின்னங்கால்களால் துள்ளி ஓடும் ஜெர்போவா. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஜெர்பில்கள். தமிழில் வெள்ளெலி என்கிறோமே, அதுவும் இந்தக் கூட்டம்தான். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் துள்ளும் சுண்டெலி. தார், அரேபியா பக்கம் நீண்ட காது முள்ளெலி. நமீப் மணலில், கண் தெரியாமல் மணலுக்குள்ளேயே நீந்துவது போலப் போகும் தங்க அகழெலி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கங்காரு எலியும் ஜெர்போவாவும் நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நீண்ட பின்னங்கால், நுனியில் குஞ்சம் வைத்த வால், மெல்லிய ஓசையும் கேட்கிற மாதிரி ஊதிப்போன காதறை எலும்பு. வெட்டவெளியில் ஆந்தைக்கும் பாம்புக்கும் தப்பிப் பிழைக்க வேண்டியிருந்ததால் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. அதனால், புதிய இடத்தில் தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பகுதியில் என்னென்ன இனங்கள் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எப்படித் தண்ணீர் இல்லாமல் பிழைக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கே, எப்போது தேடுவது என்பதே அதில்தான் இருக்கிறது. 1940களின் கடைசியில் க்னட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும் அரிசோனாவில் கங்காரு எலிகளை ஆராய்ந்தார்கள். காய்ந்த விதையை மட்டும் தின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமலே அது வாழ்கிறது. உணவு உடம்பில் எரியும்போது உண்டாகும் நீரே அதற்குப் போதும். அந்த நீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கிக் கழிக்கிறது; மூச்சுக்காற்றில் போகும் ஈரத்தைக்கூடக் குளிர்ந்த மூக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தனை சிக்கனமும் பகலில் வெளியே வந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். கோடையில் மணலின் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் அரை மீட்டர் ஆழத்தில் இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் வளை. நீங்கள் தேடப்போவது எலியை அல்ல, முதலில் வளையைத்தான்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் விலக்கே கிடையாது. தடம் பார்க்கவும் தள்ளி உட்கார்ந்து கவனிக்கவும் நிலத்துக்கு உரியவரின் சம்மதம் போதும், அது காப்புக்காடாகவோ சரணாலயமாகவோ இல்லாத பட்சத்தில். பிடிப்பதற்கும், அளப்பதற்கும், அடையாளம் இடுவதற்கும், மாதிரி எடுப்பதற்கும் அந்தந்த நாட்டின் வனவிலங்குச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். "எலிதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனியாக அனுமதி கேட்டு அலைவதைவிட, ஏற்கெனவே அனுமதி பெற்று வேலை செய்யும் ஒரு பல்கலைக்கழகக் குழுவிலோ அருங்காட்சியகக் குழுவிலோ உதவியாளாகச் சேர்வது எளிது. உயிரைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொள்ள அதுதான் ஒழுங்கான வழியும்கூட.

எந்த நாளில் போவது

நிலாவைப் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கங்காரு எலியும் ஜெர்பில்லும் வெட்டவெளிக்கு வரத் தயங்கும். புதரடியிலேயே மேயும், அல்லது வளையை விட்டே வராது. வெளிச்சத்தில் ஆந்தைக்குக் கண் தெரியும் என்பது அவற்றுக்குத் தெரியும். அரிசோனாவில் போர்ட்டல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1977 முதல் நடந்துவரும் ஆய்வில் மாதாமாதம் அமாவாசையை ஒட்டித்தான் பொறி வைக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முடியாவிட்டால், எந்த நிலாவில் செய்தீர்கள் என்பதையாவது எழுதி வையுங்கள்.

காற்று அடங்கிய இரவாக இருக்க வேண்டும். பலமான காற்று தடத்தை அழித்துவிடும், பொறிக்குள் மணலையும் கொண்டுபோய்ப் போடும். கடுங்குளிர் இரவிலும் மழை வரும் இரவிலும் பொறி வேண்டாம்.

மணலைப் படிப்பது

என்னைக் கேட்டால், முதல் 10 நாளை இதற்கே கொடுக்கலாம்.

சூரியன் கிளம்பி அரை மணி நேரம் வரைதான் தடம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் இருக்கும். சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நில்லுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். உச்சியில் ஏறிவிட்டால் அதே தடம் கண்ணுக்கே தெரியாது.

பின்னங்கால் இரண்டு மட்டும் ஜோடியாக, பிறகு ஓர் இடைவெளி, மறுபடி ஜோடி: துள்ளும் விலங்கு. ஜெர்போவாவா, கங்காரு எலியா என்பதை எந்தக் கண்டத்தில் நிற்கிறீர்கள் என்பதே சொல்லிவிடும். பாலை ஜெர்போவாவின் பின்னங்காலில் மூன்று விரல்கள்தான். பாதத்தின் அடியில் மயிர் அடர்ந்திருப்பதால் தடத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும். நான்கு கால்களும் பதிந்து, நடுவே வால் கோடு ஓடினால் ஜெர்பில்லாக இருக்கலாம். அகலமான குட்டைத் தடம், அவசரமில்லாத நடை, புதருக்குப் புதர் மோப்பம் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போயிருந்தால் முள்ளெலி. பாதி மணலுக்கு மேலும் பாதி உள்ளேயுமாக, உழுத சால் போல ஒரு கோடு நமீபில் தென்பட்டால் அது தங்க அகழெலி.

புதிதாக வருகிறவர்களை ஏமாற்றுவது வண்டுத் தடம். கறுப்பு மணல் வண்டு நடந்துபோன கோடு, சின்ன எலி ஓடியதைப் போலவே இருக்கும். வித்தியாசம் இதுதான்: வண்டின் தடம் இடைவெளி மாறாமல், தையல் மெஷின் போட்ட தையல் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எலி நிற்கும், கிளறும், திடீரென்று திசை மாற்றிப் பாயும். தடத்தில் தயக்கம் தெரிந்தால் பாலூட்டி என்று கொள்ளுங்கள். பல்லித் தடமும் நின்று நின்று போகும்தான், ஆனால் அதில் கால்கள் உடம்பைவிட்டு இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து விழுந்திருக்கும்.

தடம் தெளிவில்லாத நிலத்தில் நீங்களே ஒரு பக்கம் தயார் செய்துகொள்ளலாம். சாயங்காலம் 1 மீட்டர் சதுரத்தில் மெல்லிய மணலைப் பரப்பி, ஒரு பலகையின் விளிம்பால் இழுத்துச் சமப்படுத்துங்கள். இப்படிப் பத்து இடம்: ஐந்து புதரடியில், ஐந்து வெட்டவெளியில். விடியலில் எதில் தடம் இருக்கிறது என்று குறியுங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு விலங்கையும் தொடாமல், எவ்வளவு பயந்து பயந்து அவை வாழ்கின்றன என்பதை உங்கள் நோட்டிலேயே காண்பீர்கள்.

அப்புறம் வளைகள். வாய் திறந்திருக்கிற வளையில்தான் ஆள் இருக்கும் என்று நினைப்போம். பாலைவனத்தில் பல நேரம் நேர்மாறு. ஜெர்போவாவும் ஜெர்பில்களில் பலவும் கங்காரு எலியும் பகலில் உள்ளிருந்து மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் தங்கும், பாம்பும் வராது. சுற்றிலும் காய்ந்து வெளிறிய மணல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே நிறம் மாறிய புதுமண்: வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். சிலந்தி வலை பின்னியிருந்தால் நெடுநாளாய் ஆளில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழி கங்காரு எலிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு வளையில் ஒன்றுதான் இருக்கும், பக்கத்து வளைக்காரரை அண்டவிடாது. தார்ப் பாலைவனத்தின் பாலை ஜெர்பில்லோ நெருக்கமாகப் பல வளைகள் தோண்டிக் கூட்டமாக வாழும். ஆகவே வாயிலை எண்ணி, இத்தனை எலி என்று சொல்லிவிட முடியாது.

எந்தக் காரணத்துக்காகவும் வளைக்குள் கையை விடாதீர்கள், தோண்டியும் பார்க்காதீர்கள். கைக்கு ஆபத்து பாம்பிடமிருந்து. தோண்டினால் ஆபத்து வளைக்காரருக்கு. கோடையில் வீட்டை இழந்த எலி அடுத்த பகலைத் தாண்டாது.

பிடிக்காமலே சேகரிப்பது

பாறை இடுக்கு, பாழடைந்த கட்டடம், தனித்து நிற்கும் மரம்: இவற்றின் அடியில் ஆந்தை உமிழ்ந்த உருண்டைகள் கிடக்கும். தின்ற எலியின் மயிரையும் எலும்பையும் ஆந்தை உருட்டி வெளியே துப்பிவிடுகிறது. நீங்கள் ஒரு வருஷம் பொறி வைத்தும் பார்க்காத இனம் அதில் ஒரே நாளில் கிடைக்கலாம். கையுறை போட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, இடமும் தேதியும் எழுதுங்கள். ஆந்தை அங்கேயே உட்கார்ந்திருந்தாலோ, குஞ்சு இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். உருண்டை எங்கும் போகாது.

வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரியுங்கள். நீங்கள் தேடுவது மண்டையோடும் தாடையும். மேல்வாயின் முன்பல்லைக் கையில் எடுத்து, நகத்தைக் குறுக்கே வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுவழுவென்று போனால் சாதாரண எலி, சுண்டெலி வகையாக இருக்கலாம். நகம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினால், பல்லின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிப்பள்ளம் இருக்கிறது என்று பொருள். ஜெர்பில்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பள்ளம் உண்டு. மத்திய ஆசியாவின் பெரிய ஜெர்பில்லுக்கு இரண்டு பள்ளம். உப்புச் செடி தின்னும் கொழுத்த மணல் எலிக்கு ஒன்றும் கிடையாது. அரிசி அளவு இருக்கிற ஒரு பல்லில் இத்தனை செய்தி இருக்கிறது.

உட்கார்ந்து பார்ப்பது

ஆளிருக்கும் வளை தெரிந்துவிட்டதா? சரி, சாயங்காலமே போய் 8, 10 மீட்டர் தள்ளி, காற்று வளையிலிருந்து உங்கள் பக்கம் வீசும்படி உட்காருங்கள். தாழ்வான நாற்காலி, அசைந்தால் சத்தம் போடாத துணி, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். சிவப்பு வெளிச்சத்தை இந்த இரவு விலங்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதையும் வளை வாயில் நேரே அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள்.

மணலைவிடக் காது முக்கியமான நேரம் இது. கங்காரு எலியும் பெரிய ஜெர்பில்லும் பின்னங்காலால் தரையைத் தட்டும், விரலால் மேஜையைத் தட்டுவது போல. பாம்பு பக்கத்தில் வந்தாலும் தட்டும், அடுத்த வளைக்காரர் எல்லை மீறினாலும் தட்டும். தட்டல் கேட்டால் உடனே விளக்கைத் தூக்காதீர்கள். நேரத்தைக் குறியுங்கள், எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி என்று எழுதுங்கள், பிறகு என்ன காரணம் என்று தேடுங்கள். காரணம் உங்கள் நாற்காலிக்குக் கீழேயே சுருண்டு கிடக்கலாம் என்பதால் கால் அசைப்பதற்கு முன் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி கண் விழிக்க முடியாதவர்கள் பகல் விலங்கைத் தேர்ந்தெடுக்கலாம். தாரின் பாலை ஜெர்பில் பகலில்தான் மேயும். இருநோக்கி ஒன்று போதும், தினம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, 5 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் அதன் அன்றாடமே பிடிபடும்.

தானியங்கி கேமரா வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது உடம்பின் சூட்டுக்கும் பின்னணியின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் விழிக்கிறது. மாலையில் மணலும் எலியும் ஒரே சூட்டில் இருக்கும்போது எத்தனை எலி போனாலும் அதற்குத் தெரியாது. "7 மணி வரை ஒன்றும் வரவில்லை" என்று எழுதும் முன் இதை நினையுங்கள்.

பொறி

வழக்கமான கருவி ஷெர்மன் பொறி என்னும் மடக்கு அலுமினியப் பெட்டி. பரவலாகப் பயன்படும் அளவு சுமார் 23 சென்டிமீட்டர் நீளம். உள்ளே ஒரு மிதிதகடு. மிதித்ததும் கதவு மூடும். நீண்ட வால்காரர்கள் இருக்கும் இடத்தில் இன்னும் நீளமான பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் கதவு வாலில் விழும். ஜெர்போவா மட்டும் பெட்டிக்குள் அரிதாகவே நுழையும். அனுபவசாலிகள் அதை ராத்திரி விளக்கடித்து நீளக் கம்பு வலையால் பிடிப்பார்கள். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம், ஓடும்போது வலையின் வளையம் பட்டு அதன் கால் முறிவது சுலபம்.

எத்தனை பொறி? முதல் முறை 20, அதிகம் போனால் 25. கணக்கு எளிது: ஒரு விலங்கைப் பார்த்து, அளந்து, விடுவதற்குப் புதியவருக்கு 5 நிமிடம் ஆகும். 10 விலங்கு கிடைத்தால் 50 நிமிடம், நடை தனி. முதல் வெளிச்சத்தில் தொடங்கி, வெயில் பெட்டியில் விழும் முன் கடைசிப் பொறியைத் திறந்தாக வேண்டும். அலுமினியப் பெட்டி வெயிலில் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

சாயங்காலம் கடைசி வெளிச்சத்தில் வையுங்கள், 10 மீட்டருக்கு ஒன்று, புதரோரமாக, வளையிலிருந்து வரும் தடத்தை ஒட்டி. ஒவ்வொன்றிலும் இதைச் செய்யுங்கள்: அடியில் மண்ணைச் சமன்செய்து, ஆடாமல் உட்காரவையுங்கள். எறும்புப் புற்று பக்கத்தில் இருக்கக் கூடாது. ஓட வழியில்லாத எலியை எறும்பு கடித்தே கொன்றுவிடும். மிதிதகட்டின் அடியில் மணல் இல்லாமல் ஊதுங்கள். பிறகு பெட்டியின் முதுகில் விரலால் ஒரு தட்டு. 10 கிராம்கூட இல்லாத பாக்கெட் எலிக்காக வைக்கிறீர்கள் என்றால் அந்தத் தட்டிலேயே கதவு விழ வேண்டும். விழாவிட்டால் தகட்டின் கொக்கியைச் சற்றுத் தளர்த்துங்கள்.

இரைக்கு நிலக்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் கலந்து வைப்பது எங்கும் வழக்கம். எறும்பு அதிகமுள்ள இடத்தில் எனக்கு அது பிடிப்பதில்லை. காய்ந்த சிறுதானியம் ஒரு கைப்பிடி போதும். தானியத்தை முன்பே லேசாக வறுத்துவிடுங்கள், சிந்தியது மழையில் முளைத்து அந்த மண்ணில் இல்லாத செடி வந்துவிடக் கூடாது. குளிர்ந்த இரவென்றால் உள்ளே ஒரு பிடி செயற்கைப் பஞ்சு.

பொறி வைத்த ஒவ்வோர் இடத்திலும் எண் எழுதிய கொடி குத்துங்கள். காலையில் கொடியை எண்ணுங்கள், பெட்டியை எண்ணுங்கள், இரண்டும் ஒத்துப்போகும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மறந்துபோன ஒரு பெட்டி என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. பகலில் எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும்.

மூடிய பொறியைத் தூக்கும்போது எடையிலேயே தெரியும். ஆனால் உடனே கதவைத் திறக்காமல், விரலளவு தள்ளி எட்டிப் பாருங்கள். தேளோ சின்னப் பாம்போ இருக்கக்கூடும். பாக்கெட் எலி சில நேரம் உருண்டையாய்ச் சுருண்டு, தொட்டால் ஜில்லென்று, செத்தது போலவே கிடக்கும். புதைத்துவிடாதீர்கள். இரை குறைந்தாலோ குளிர் ஏறினாலோ உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டு மயக்கத்தில் போவது அதன் வழக்கம். துணிப்பையில் போட்டு, சட்டைக்குள் உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மீசை ஒன்று அசையும். பிறகு விலா வேகமாக ஏறி இறங்கும். பிறகு உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். கொஞ்ச நேரத்தில் பைக்குள் எழுந்து நின்று துணியைக் கடிக்கும். அதுவரை விடக் கூடாது.

கையில் எடுப்பது

பொறியின் வாயில் துணிப்பையை மாட்டி, பெட்டியைச் சாய்த்தால் விலங்கு பைக்குள் இறங்கும். ஸ்பிரிங் தராசில் பையோடு நிறுத்து, வெறும் பையின் எடையைக் கழியுங்கள். பிறகு பைக்கு வெளியிலிருந்தே தலையைக் கண்டுபிடித்து, பிடரித் தோலைப் பிடித்து, பையை மெல்லப் பின்னால் சுருட்டுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஜெர்பில்லின் வால் தோல் உறை கழற்றுவது போல உருவிக்கொண்டு வந்துவிடும், எலும்பு மட்டும் மிஞ்சும். முள் சுண்டெலிக்கு முதுகுத் தோலே கிழியும். அதைப் பைக்குள் வைத்தே பார்த்துவிட்டு விடுவது நல்லது.

அளவுகள்: தலையும் உடலும், வால், குதிகாலிலிருந்து நீண்ட நகத்தின் நுனி வரை பின்னங்கால், காது. எல்லாம் மில்லிமீட்டரில். பின்னங்காலை நகத்தோடு அளந்தீர்களா, நகமில்லாமலா என்று எழுத மறந்தால் அந்த அளவு யாருக்கும் உதவாது. ஆணா பெண்ணா என்பதற்கு மலத்துவாரத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஆணில் அது ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்கும். பால் கட்டிய காம்பு தெரிந்தால் மற்ற அளவுகளை விட்டுவிட்டு உடனே விடுங்கள். வளையில் குட்டி காத்திருக்கிறது.

திரும்பப் பிடிபட்டால் அடையாளம் தெரிய, இடுப்புப் பக்கத்தில் ஒரு சிறு பகுதி மயிரைக் கத்தரித்தால் போதும், குறுகிய ஆய்வுக்கு வேறெதுவும் வேண்டாம். அதை வைத்து எண்ணிக்கையும் போடலாம். முதல் இரவு 20 விலங்குகளை அடையாளமிட்டீர்கள், இரண்டாம் இரவு 15 கிடைத்தன, அதில் 6 அடையாளம் உள்ளவை என்றால், 20 ஐ 15 ஆல் பெருக்கி 6 ஆல் வகுங்கள்: சுமார் 50. இது தோராயம்தான். இரைக்கு ஆசைப்பட்டுத் தினமும் வருகிற எலி உண்டு, ஒருமுறை மாட்டியபின் பக்கமே வராத எலியும் உண்டு. இரண்டும் கணக்கைக் கெடுக்கும்.

இந்தப் பொறுமையான கணக்கு எங்கே கொண்டுபோகும் என்பதற்குப் போர்ட்டல் ஆய்வே சாட்சி. சூழலியலாளர் ஜேம்ஸ் பிரவுன் தொடங்கிய அந்த ஆய்வில் 50 மீட்டர் சதுரமான 24 வேலியிட்ட பாத்திகள், ஒவ்வொன்றிலும் 49 பொறிகள். சில பாத்திகளின் வேலி வாயிலைச் சின்னதாக்கி, கங்காரு எலி மட்டும் நுழைய முடியாதபடி செய்தார்கள். 12 வருஷத்தில் அந்தப் பாத்திகளில் புதர்க்காடு புல்வெளியாக மாறத் தொடங்கியது. ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத விலங்கு, விதை தின்றும் மண்ணைக் கிளறியும் ஒரு நிலத்தின் முகத்தையே தீர்மானிக்கிறது.

நோட்டு

பென்சிலால், அங்கேயே, அப்போதே. இடம் (ஜி.பி.எஸ். எண்ணோடு), தேதி, நேரம், நிலா, காற்று, வெப்பம், புதர் வகை, எத்தனை பொறி எத்தனை இரவு. 25 பொறி 3 இரவு என்றால் 75 பொறி-இரவுகள். எதுவும் கிடைக்காத இரவையும் எழுதுங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தை 1908 முதல் நடத்திய ஜோசப் கிரின்னல், தம் குழு எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதியே தீர வேண்டும் என்று வைத்திருந்தார். சுமார் நூறு வருஷம் கழித்து, அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு மொஹாவி பாலைவனத்தின் அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். வெப்பமும் வறட்சியும் கூடியதில் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன; வளைக்குள் ஒதுங்கும் சிறு பாலூட்டிகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருந்தன. அன்றைக்கு யாரோ களைத்துப்போய் எழுதாமல் தூங்கியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

உங்கள் உடம்பு

1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் பகுதியில் திடீரெனப் பலர் மூச்சுத்திணறி இறந்தார்கள். மான் சுண்டெலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, மூச்சில் போன ஹண்டா வைரஸ் காரணம். மத்திய ஆசியாவில் பெரிய ஜெர்பில்லின் தெள்ளுப்பூச்சி பிளேக்கைச் சுமக்கிறது. ஜெர்பில் வளைகளில் வாழும் மணல் ஈ, தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா நோயைப் பரப்புகிறது. ஆகவே கையுறை, தூசி புகாத முகக்கவசம், முழுக்கைச் சட்டை, வளைக்குப் பக்கத்தில் உட்காரும் இரவில் பூச்சி விரட்டி. பொறியைத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீச, திறவுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பொறிகளைக் கழுவி, நன்றாக அலசிக் காயவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், எலிகளைக் கையாண்டதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவருக்கு அது தோன்ற வாய்ப்பில்லை.

தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் தேவைக்கு இரண்டு மடங்கு.

மாதிரி எடுப்பது

தோலும் மண்டையோடும் திசுவும் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் இனங்களைப் பிரித்தறிய முடிகிறது, அதன் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது புதியவர் வேலை அல்ல. பொறியில் தற்செயலாக இறந்ததை மட்டும் வீணாக்காதீர்கள்: அளவுகளையும் இடத்தையும் நாளையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் காலில் கட்டி, குளிர்பெட்டியில் வைத்து, அனுமதி பெற்ற குழுவின் வழியாக அருங்காட்சியகத்தில் சேருங்கள். ஏன் இறந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

விடுவது

பிடித்த கொடிக்குப் பக்கத்திலேயே, வெயிலேறும் முன், பையைத் தரையில் வைத்து வாயைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் வாருங்கள். சிலது அம்பு போலப் பாயும். சிலது பை விளிம்பில் நின்று முகத்தைத் துடைக்கும். ஓடவிட்டுவிட்டோம் என்று அடுத்த பொறிக்குத் திரும்பிவிடுவார்கள் பலர். திரும்பாதீர்கள். அது எந்தப் பக்கம் போகிறது, எந்தப் புதரடியில் நிற்கிறது, எந்த வாயிலில் மறைகிறது என்று பார்த்து நோட்டில் குறியுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், உள்ளிருந்து மண் தள்ளித் தள்ளி வந்து அந்த வாயில் அடைபடுவதும் தெரியும். அதன் வீடு எது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த அமாவாசைக்கு நாற்காலி போட வேண்டிய இடம் அதிலிருந்து 10 மீட்டர் தள்ளி.